சிட்டை நோட்டிலிருந்து கணினிக்கு: கடலூர், பாண்டி சிறு தொழில்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் இருக்கும் பெரிய ஆலைகளுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அங்கே இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். நான் மனத்தில் வைத்திருப்பது ஐந்து பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்கள்: பண்ருட்டிப் பக்கத்து முந்திரி யூனிட், முதுநகரில் மீன் வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் ஷெட், திருப்பாதிரிப்புலியூர் மொத்த மளிகை, பாண்டியில் தோல் பை தைக்கும் பட்டறை. இங்கெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. ஜி.எஸ்.டி. பில் போட ஒன்று இருக்கும். ஆனால் உண்மையான கணக்கு சிட்டையிலும் (அன்றாட வரவு செலவு எழுதும் நோட்டு) பாக்கி நோட்டிலும் இருக்கும், மிச்சம் முதலாளியின் தலைக்குள் இருக்கும்.

மாற வேண்டும் என்று தோன்றியதும் பலரும் சாஃப்ட்வேர் விற்பவரைக் கூப்பிடுகிறார்கள். அவரைக் கடைசியில் கூப்பிடுங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை முழுக்க உங்கள் நோட்டுகளுக்குள்தான் இருக்கிறது. அதற்குக் காசும் ஆகாது.

ஓர் ஆர்டரின் பின்னாலேயே போங்கள்

ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, அது வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும்வரை எங்கெல்லாம் எழுதப்படுகிறது என்று பாருங்கள். முந்திரி யூனிட்டையே வைத்துப் பேசுவோம். பாண்டி இனிப்புக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார்: "320 அஞ்சு டின், துண்டு ரெண்டு டின், நாளைக்குக் காலையில வேணும்." (320 என்பது முழுப்பருப்பின் ஒரு தரம், துண்டு என்பது உடைந்த பருப்பு.) முதலாளி கேட்டுவிட்டுக் குடோனுக்கு வாயால் சொல்கிறார். குடோன்காரர் துண்டுச் சீட்டில் எழுதுகிறார். சரக்கு ஏறியதும் குடோன் நோட்டில் ஏற்றுகிறார். கணக்குப்பிள்ளை சீட்டைப் பார்த்து பில் அடிக்கிறார், பில்லைப் பார்த்துப் பாக்கி நோட்டில் எழுதுகிறார். பணம் வந்ததும் பேரேட்டில் இன்னொரு முறை. ஒரே ஐந்து டின் இத்தனை கை மாறுகிறது. திருப்பி எழுதும் ஒவ்வோர் இடத்திலும் தப்பு நுழையலாம்.

இந்த வழியை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரையும்போது முதலாளி சொல்வதைவிட எழுதுபவர் சொல்வதை நம்புங்கள். "எல்லாமே நோட்ல இருக்கு" என்பார் முதலாளி. "சீட்டு தொலைஞ்சா கடைக்காரருக்கே போன் போட்டுக் கேட்டு எழுதிக்குவோம்" என்பார் குடோன்காரர். உங்களுக்குத் தேவையான செய்தி இரண்டாவதில்தான் இருக்கிறது.

வரைந்து முடித்ததும் சில இடங்களில் கணினியே வேண்டாம் என்று தெரியும். குரல் செய்தி வந்தால் அதை எழுத்தாக்கித் திருப்பி அனுப்பி, கடைக்காரரிடம் "சரி" வாங்கிவிட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

எந்த நோட்டை முதலில் தொடுவது

ஒரே ஒரு நோட்டு போதும். தினமும் எழுதுவதாக இருக்க வேண்டும், கணக்கிடும் முறை நாளுக்கு நாள் மாறாததாக இருக்க வேண்டும், தப்பு வந்தால் காசோ நம்பிக்கையோ போவதாக இருக்க வேண்டும். முந்திரி யூனிட்டில் அது பெரும்பாலும் கூலி நோட்டு. உடைக்கவும் தோல் உரிக்கவும் கிலோ கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. வெள்ளி இரவு கணக்குப்பிள்ளை கால்குலேட்டரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். மளிகைக்காரருக்கு அது பாக்கி நோட்டு. தோல் பட்டறைக்கு, வெளியே தைக்கக் கொடுத்த துண்டுகள் எத்தனை திரும்பின என்கிற கணக்கு.

விலை பேசுவது, யாருக்கு எவ்வளவு கடன் விடுவது, மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டு வரும் தொழிலாளிக்கு என்ன கொடுப்பது, இவற்றையெல்லாம் மனிதரிடமே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பழைய பாக்கி எவ்வளவு என்று திரையில் தெரிந்தால் போதும்.

பெயர்களைச் சரிசெய்வது: அலுப்பான வேலை, ஆனால் இதுதான் அடித்தளம்

முந்திரியில் 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் தரம். 180, 210, 240, 450 என்றும் தரங்கள் உண்டு. எண் கூடக்கூடப் பருப்பு சிறிது. இது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோட்டைத் திறந்தால் ஒரே சரக்கு "320", "டபிள்யூ 320", "முழுசு", "முழுப்பருப்பு நடுத்தரம்" என்று நான்கு பெயரில் கிடக்கும். படிக்கும் மனிதருக்கு இது ஒன்றுதான் என்று புரியும், கணினிக்கு நான்கும் வேறு வேறு சரக்கு. அப்படியே ஏற்றினால் இருப்பு ஒருநாளும் சேராது.

ஆகவே முதலில் ஒரு சரக்குப் பட்டியல். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே பெயர், ஒரு சுருக்கக் குறி, எந்த அளவில் எண்ணுகிறோம் என்பது (கிலோவா, டின்னா, மூட்டையா), ஒரு டின் என்றால் எத்தனை கிலோ என்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். குடோன் டின்னில் எண்ணும், பில் கிலோவில் போகும். இடையில் பெருக்கும் வேலையை யாராவது மனக்கணக்காகச் செய்துகொண்டிருப்பார்.

அப்புறம் ஆள் பட்டியல். நாற்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மூன்று செல்வி இருப்பார்கள். நோட்டில் பெரிய செல்வி, சின்ன செல்வி, காடாம்புலியூர் செல்வி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலிலும் இதே விதி. அதில் ஜி.எஸ்.டி. எண், மாநிலம், போன் எண் ஆகிய மூன்றும் கட்டாயம். மாநிலம் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய பட்டியல் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததாக இருந்தால், புதிய தாளில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. எந்தக் கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டாயிற்று. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்து, இனி எல்லாம் யூனிகோடில்தான் என்று முடிவு செய்யுங்கள். கணக்குப்பிள்ளைக்குப் பழைய தட்டச்சு முறைதான் கைவந்தது என்றால் அதே விசைப்பலகை அமைப்பில் யூனிகோடு தட்டச்சு செய்யவும் மென்பொருள் உண்டு. அவர் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

தாளை அமைப்பது

தொடக்கத்துக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். இலவசம், போனிலும் திறக்கும். கணக்கைக் கடை பெயரில் புதிதாகத் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையனின் சொந்த ஜிமெயிலில் கடையின் கணக்கு முழுவதும் இருந்து, அவன் வேலையை விட்டுப் போனால் அப்புறம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

முதல் விதி: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. கூலித் தாளில் தேதி, ஆள் எண், வேலை, தரம், கிலோ, எடை போட்டவர். இவ்வளவுதான். நோட்டில் நாம் செய்யும் சில பழக்கங்கள் இங்கே உதவாது. "மேற்படி" போடக் கூடாது. தேதியை முதல் வரியில் மட்டும் எழுதிவிட்டுக் கீழே காலியாக விடக் கூடாது. இரண்டு கட்டங்களை இணைக்கக் கூடாது. "சிவப்பு மையில் இருந்தால் பணம் வரவில்லை" என்கிற மாதிரி நிறத்தில் செய்தி வைக்கக் கூடாது. அதற்கு ஒரு தனிக் கட்டம் வையுங்கள்.

இரண்டாவது: கூலி விகிதத்தை இந்தத் தாளில் எழுதவே வேண்டாம். தனித் தாளில் வேலை, தரம், விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று நான்கு கட்டம். கூலி உயரும்போது பழைய வரியை அழிக்காமல் புதிய வரி சேருங்கள். அழித்து எழுதினால் போன மாதக் கணக்கும் புதிய விகிதத்தில் மாறிப்போகும்.

மூன்றாவது: தட்டச்சு செய்யவிடாமல் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஆள் எண், வேலை, தரம் மூன்றுக்கும் கீழிறங்கும் பட்டியல் வைத்தால் எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. எடை போடுமிடத்தில் கம்ப்யூட்டர் வைக்க வேண்டாம். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் செய்து, தமிழிலேயே கேள்வி வைத்து, போனின் முகப்பில் அதன் இணைப்பைப் போட்டுவிடுங்கள். நான்கு தட்டு, ஓர் எடை, அனுப்பு. எல்லாம் தாளில் வந்து வரிசையாக விழும்.

இதில் பலர் தடுக்கி விழும் ஒரு குழி தேதி. தாளின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 5/6 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். அமைப்புகளுக்குப் போய் இந்தியா என்று மாற்றுங்கள். முதல் நாளே செய்யாவிட்டால் இரண்டு மாதம் கழித்துப் பாதி வரி ஒரு மாதத்திலும் மீதி வேறொரு மாதத்திலும் போய் நிற்கும்.

இனித் தானாக நடக்க வேண்டியவை

தாள் சுத்தமாக இருந்தால் இந்தப் பகுதி எளிது. ஓர் ஆள், ஒரு வாரம், ஒரு வேலை என்று நிபந்தனை வைத்துக் கிலோவைக் கூட்டுவதற்கு சம்இஃப்ஸ் (SUMIFS) என்ற சூத்திரம் போதும். அதை விகிதத் தாளில் உள்ள கூலியால் பெருக்க வேண்டும். வெள்ளி இரவு வேலை அதோடு முடிந்தது.

அடுத்தது நினைவூட்டல். பாக்கித் தாளில் பில் தேதியோடு 45ஐக் கூட்டி ஒரு கட்டம் வையுங்கள். 45 என்பது சும்மா சொன்னதல்ல. உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். உத்யம் பதிவு இலவசம், அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். நாள் தாண்டிய வரி தானே சிவப்பாக மாறும்படி வைக்கலாம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸுக்குள்ளேயே சிறு நிரல் எழுதும் வசதி) தெரிந்த ஒருவர் கிடைத்தால், தினமும் இரவு எட்டு மணிக்கு அன்றைய உற்பத்தியும் நாள் தாண்டிய பாக்கியும் முதலாளிக்கு மின்னஞ்சலில் போகும்படி செய்துகொடுப்பார். சின்ன வேலைதான், ஒருமுறை செய்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்துவைக்கலாம், வாடிக்கையாளர்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டலாம், சரக்குப் பட்டியல் வைக்கலாம். ஆனால் ஒரே சொடுக்கில் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறேன் என்று யாராவது விற்க வரும் சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். அனுமதியில்லாத வழியில் மொத்தமாக அனுப்பினால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். இருபது வருடமாக எல்லோர் போனிலும் இருக்கும் கடை எண் அப்படிப் போவது பெரிய நஷ்டம்.

பாண்டி எல்லையைத் தாண்டும் சரக்கு

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி வேண்டியிருக்காது, நமக்குத் தினப்படி வேலை. கடலூரிலிருந்து பாண்டி இருபது சொச்சம் கிலோமீட்டர், ஆனால் ஜி.எஸ்.டி. கண்ணில் அது வேறு மாநிலம். தமிழ்நாட்டின் குறி 33, புதுச்சேரியின் குறி 34. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அதுதான். கடலூர்க்காரர் பாண்டிக் கடைக்கு விற்றால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. பாண்டிக்காரர் காரைக்காலுக்கு விற்றால், இடையில் தமிழ்நாட்டைத் தாண்டிப் போனாலும், இரண்டும் 34 என்பதால் ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும்.

பில் மென்பொருள் இதைத் தானே பிரித்துப் போடும், வாடிக்கையாளர் பட்டியலில் மாநிலம் சரியாக இருந்தால். பின்கோடைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்க வேண்டாம். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதன் பின்கோடு கடலூரைப் போலவே 607இல் தொடங்கும். விழுப்புரம் தமிழ்நாடு, அதன் பின்கோடு பாண்டியைப் போல 605. ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்.

சரக்கு வண்டி கிளம்பும் முன் அரசுத் தளத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில்லும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால்தான் வேண்டும். எல்லை தாண்டினால் 50,000. முந்திரியில் ஏழெட்டு டின் ஏறினாலே அதைத் தொட்டுவிடும். ஆகவே பில் தாளில் மாநிலக் குறி 34 ஆகவும் (பாண்டிக்காரருக்கு 33 ஆகவும்) தொகை 50,000க்கு மேலும் இருந்தால் "இ-வே பில்" என்று எச்சரிக்கை வரும்படி ஒரு கட்டம் வையுங்கள். வண்டி கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னொன்று, கூலி வேலைக்காக நீங்கள் சரக்கை அடுத்த மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். கடலூர் ஆள் பாகூர்ப் பக்கம் உரிக்கக் கொடுத்தாலும், பாண்டிப் பட்டறை ரெட்டிச்சாவடியில் தைக்கக் கொடுத்தாலும் இதே கதைதான்.

எழுதுகிறவரை முதலில் உங்கள் பக்கம் இழுங்கள்

கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்காத எந்த முறையும் அந்த இடத்தில் நிற்காது. அவருக்கு வேலை போய்விடுமோ என்கிற பயம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தாளை முடித்து அவரிடம் நீட்டாதீர்கள். கட்டங்களைத் தீர்மானிக்கும் நாளிலேயே பக்கத்தில் உட்கார வையுங்கள். "ஐயா, இதுல எது வேண்டாம், எது விட்டுப்போச்சு, நீங்க சொல்லுங்க" என்று கேட்டால், பத்து வருடத்தில் நடந்த விதிவிலக்குகள் எல்லாம் வெளியே வரும். திரும்பி வந்த சரக்கு, பாதி டின், ஈரப்பருப்புக்குக் கழித்த எடை. மிச்சமாகும் நேரத்தில் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாக்கி வசூலுக்கு ஆள் போதவில்லை என்று எல்லா முதலாளியும் சொல்வதுதானே.

உரிக்கும் பெண்கள் விஷயம் வேறு. அவர்கள் நோட்டை நம்பியதற்குக் காரணம், எடை எழுதும்போது எட்டிப் பார்க்க முடிந்தது. போனில் யாரோ எதையோ தட்டுவதைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம். தினமும் மாலையில் ஆள் வாரியாக அன்றைய எடையை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள், அல்லது சீட்டு கொடுங்கள். தப்பிருந்தால் அன்றைக்கே சொல்வார்கள். சனிக்கிழமை பணம் வாங்கும்போது வரும் தகராறைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்டையும் தாளையும் சேர்த்து ஓட்டும் காலம் அளவோடு இருக்கட்டும். நான்கு பட்டுவாடா இரண்டிலும் ஒத்துப்போனால் நோட்டை மூடிவிடுங்கள், அந்தத் தேதியை முன்பே அறிவித்துவிடுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் அவசரத்தில் எல்லோரும் நோட்டுக்குத்தான் போவார்கள். பாக்கிக் கணக்கை மாற்றுவதற்கு ஏப்ரல் 1 வசதி. தொடக்க இருப்பை ஆடிட்டர் எப்படியும் எடுத்துக் கொடுப்பார். விஜயதசமிக்குப் புதுக்கணக்கு போடும் வழக்கம் உள்ளவர்கள் அன்று கூலித் தாளைத் தொடங்கிப் பழகலாம்.

மழையும் மின்தடையும்

2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல். நம் கரையில் தொழில் செய்பவர் காப்புப் பிரதியைப் பற்றிப் பேசாமல் கணினியைப் பற்றிப் பேசக் கூடாது. கூகுளில் இருப்பது தண்ணீரில் நனையாது, ஆனால் யாராவது தெரியாமல் அழித்தால் எல்லாப் போனிலும் அழியும். பழைய வடிவத்துக்குத் திரும்பும் வசதி உண்டு, அதை ஒருமுறை செய்து பார்த்துவையுங்கள். டேலி மாதிரிக் கணக்கு மென்பொருளில், கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கணக்கு என்றால் தினமும் ஒரு பிரதி வெளி டிரைவில் எடுத்து, அந்த டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்தால் இரண்டும் ஒன்றாக நனையும். மேசைக்கடியில் தரையில் நிற்கும் சி.பி.யூ.வை அக்டோபருக்கு முன் மேலே ஏற்றுங்கள்.

கரண்டோ நெட்டோ இல்லாத நேரத்துக்கு, படிவத்தில் இருக்கும் அதே கட்டங்களோடு வரிசை எண் போட்ட ஒரு சீட்டுப் புத்தகம் அச்சடித்துவையுங்கள். நெட் வந்ததும் சீட்டு எண்ணோடு ஏற்ற வேண்டும். எண் இருந்தால்தான் எது விட்டுப்போனது என்று தெரியும்.

மூடிய பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வருடத்தின் ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம்.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாக: இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஓ.டி.பி. வரும் போன் முதலாளியிடம் இருக்கட்டும், "சரிசெய்து தருகிறேன்" என்று போனில் சொல்லும் முன்பின் தெரியாதவருக்காக எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

சாஃப்ட்வேர் விற்பவரைக் கூப்பிடும் நேரம்

ஒரே தாளில் ஐந்தாறு பேர் மோதிக்கொள்ளும்போதோ, சரக்கு இருப்பும் பில்லும் பாக்கியும் தனித்தனித் தாளில் இருந்து ஒன்றையொன்று தேடும்போதோ ஷீட்ஸ் போதாமல் போகும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை) கட்டாயம், அப்போது அதற்கேற்ற மென்பொருள் வேண்டியிருக்கும். டேலி, ஜோஹோ புக்ஸ், இலவச மூலநிரலோடு கிடைக்கும் இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று வழிகள் உண்டு. என் கணிப்பில், உங்கள் ஆடிட்டர் எதைப் புழங்குகிறாரோ அதற்கு முதல் மதிப்பெண். நீங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதைப் பதிவு செய்யும் மென்பொருளைத்தான் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டும்.

விற்பவர் தன் லேப்டாப்பில் காட்டும் டெமோவில் எல்லாப் பெயரும் சுத்தமாக இருக்கும், யாரும் கடன் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தயார்செய்த சரக்குப் பட்டியலையும் ஒரு வாரக் கூலியையும் கொடுத்து, அதை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் தமிழ் அச்சாகிறதா, நெட் இல்லாதபோது ஓடுமா என்று அங்கேயே பாருங்கள். வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு, பழுது வந்தால் சென்னையிலிருந்து போனில் பேசுவார்களா, கடலூருக்கோ பாண்டிக்கோ ஆள் வருமா, கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டால் பழைய கணக்கைத் திறந்து பார்க்கவாவது முடியுமா? பதில்களை விலைப்புள்ளித் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாத் தகவலையும் நீங்களே எக்செல் கோப்பாக வெளியே எடுக்க வழியில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.